கடைசிப் பந்தி வீட்டின் முதல் வெளிச்சம்

அன்று மாலை வேதாரண்யம் மேலவீதியில், அகத்தியலிங்கம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரர் அகத்தியலிங்கம், உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மரகதவல்லி. ஒரே மகள் யாழ்மொழி. பெண்ணை உறுதிசெய்து தட்டு மாற்றிக்கொள்ளத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்திருந்த கலியபெருமாள், அவர் மனைவி வேதநாயகி, மகன் முகுந்தன், கலியபெருமாளின் தமக்கை நீலாயதாட்சி. எதிர்வீட்டு பாஸ்கரன் அங்கே இல்லை. அவர் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். நடுவில் ஒரு தெரு இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அதிகம் பேசியவர் அவர்தான்.

அந்த ஊரில் மின்சாரம் போவது புதிதல்ல. கடல் ஊருக்கு நெருங்கி வந்த பிறகு உப்புக் காற்று கம்பிகளைத் தின்றது. மழைகூட வேண்டாம், காற்று கொஞ்சம் வேகம் பிடித்தாலே இருட்டிவிடும். போவதைவிடத் திரும்பி வருவதுதான் பெரிய சங்கடம். வந்த நொடியில் ஊரிலுள்ள அத்தனை விளக்கும் ஒன்றாக வாய் திறக்கும். தாங்காமல் மறுபடி போகும். ஒரே மாலையில் நாலைந்து முறை இப்படி வந்து வந்து போய், குளிர்பதனப் பெட்டிகளும் மோட்டார்களும் புகைந்ததுதான் மிச்சம்.

அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டி வந்தது. உள்ளங்கை அகலம், மீட்டருக்குக் கீழே இடம். மின்சாரம் திரும்பும்போது எந்த வீட்டுக்கு எப்போது, எவ்வளவு வெளிச்சம் என்று அது வரிசை வைத்துக் கொடுக்கும். அதிகாரிகள் அதற்கு ‘மீளொளி ஒழுங்கி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்ல ஊரில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. ஊர் வைத்த பெயர் பந்தி. முதல் பந்திக்கு முழு வெளிச்சம். நடுப் பந்திக்கு அரை வெளிச்சம், மெல்ல ஏறும். கடைசிப் பந்தி இருட்டில் காத்திருக்கும். சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

பெட்டி பொருத்த வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். நோயாளி உண்டா, கைக்குழந்தை உண்டா, எந்தப் பந்தி வேண்டும் என்று. தெருவே முதல் பந்தி கேட்டது. பாஸ்கரன் தமக்கு மூட்டுவலி என்று ஒரு காலைத் தூக்கியே காட்டினார்.

அகத்தியலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி சொன்னார். “எங்க வீட்டைக் கடைசிப் பந்தியில போடுங்க.”

“ஐயா, உங்க வயசுக்கு நடுப் பந்தியே தருவாங்க.”

“நான் வயசைக் கேட்டு எதையும் வாங்கினதில்லை. கடைசியில போடுங்க.”

அவர் வீட்டில் அதுதான் முறை. மாசிமகத்துக்குத் தேர் நிலைக்கு வந்ததும் ஊருக்குச் சோறு போடும் குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் பிறந்த எவரும், ஊர் சாப்பிட்டு முடிக்குமுன் இலையில் கை வைத்ததில்லை. கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்திருக்கும், கூட்டு இருக்காது, பாயசம் இருந்தால் அதிசயம். ரசமும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு, பெரிய விருந்து உண்டவர்களைப் போல ஏப்பம் விட்டபடி எழுந்து போவார்கள். அந்த ஏப்பத்தில் ஒரு கௌரவம் இருந்தது. அதை அகத்தியலிங்கம் தம் அப்பாவிடமிருந்து பெற்றார், கோணாமல் வைத்திருந்தார்.

கலியபெருமாள் இந்தச் சம்பந்தத்தைத் தேடி வந்ததே அதனால்தான். ஒரு மாசிமகத்தன்று பேருந்து தாமதமாகி, எல்லாம் முடிந்த பிறகு பந்தலுக்கு வந்தவர், வெறும் ரசஞ்சோற்றுக்கு முன்னால் சங்கச் செயலாளரே உட்கார்ந்திருப்பதைக் கண்டார். பக்கத்தில் ஓர் இலை போட்டு அவரையும் உட்கார வைத்தார்கள். “ஊருக்குப் போட்டுட்டு ரசத்தைச் சாப்பிடற வீட்டுலதான் பொண்ணு எடுப்பேன்” என்று அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

ஆனால் அகத்தியலிங்கத்துக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவருக்கு மாலைக்கண். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், அவருக்கு உலகம் மூடிவிடும். குத்துவிளக்கு எரிந்தால் சுடர் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும். அதைச் சுற்றி ஒன்றும் இருக்காது. தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். இது இனிக் குறையாது என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து, பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன் என்றார் அகத்தியலிங்கம்.

சொல்லியிருந்தால் முதல் பந்தி கொடுத்திருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை.

இருட்டைச் சமாளிக்க அவருக்கு ஒரு வழி தானாகவே அமைந்தது. மரகதவல்லிக்கு இருட்டில் ஒரு இடத்தில் இருக்கத் தெரியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. மின்சாரம் போனதும் அவள் எழுந்துவிடுவாள். செம்பை ஊஞ்சல் பலகைமேல் ணங்கென்று வைப்பாள். மணையை இழுப்பாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டுவாள். இல்லாத பூனையை விரட்டுவாள். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே அகத்தியலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி, ஒரு மேற்பார்வையாளரைப் போல நடந்துவிடுவார். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் வராமலிருக்க, அவளைத் திட்டவும் செய்வார்.

“கரண்டு போனா ஊரே ஒரு இடத்துல உட்காருது. உனக்கு மட்டும் கால்ல சக்கரமா?”

“வேலை கிடக்குங்க” என்பாள் மரகதவல்லி, அடுத்த அறையில் எதையோ உருட்டியபடி.

அன்று மாலை தட்டுகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தாகிவிட்டது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பட்டுப்புடவை. நீலாயதாட்சி மல்லிகைச் சரத்தை எடுத்து, “வாம்மா, தலையைக் காட்டு” என்று யாழ்மொழியைக் கூப்பிட்ட நேரத்தில் காற்று ஒரு முறை சுழன்றது. மின்சாரம் போயிற்று.

“நல்லா பாத்துப் போகுது பாரு” என்றாள் நீலாயதாட்சி.

“குத்துவிளக்கு எரியுதுல்ல அக்கா, அப்புறம் என்ன” என்றார் கலியபெருமாள்.

மற்றவர்களுக்கு அந்தச் சுடர் போதுமானதாக இருந்தது. பேச்சு நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் அந்தப் பெட்டிகளைக் கவனிக்கும் அலுவலகத்தில்தான் யாழ்மொழிக்கு வேலை. முகுந்தன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க ஆபீசுக்கு ஒரு போன் போடுங்களேன், சீக்கிரம் வரட்டும்.”

“போட்டா எடுக்க வேண்டியது நான்தான். இன்னிக்கு லீவுல இருக்காங்க சார்னு சொல்லுவேன்.”

வேதநாயகி சிரித்தாள். மரகதவல்லி காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து, வழக்கம்போல் தம்ளர்களை மோதவிட்டுக்கொண்டு போனாள், வந்தாள். அகத்தியலிங்கத்துக்கு அந்தச் சத்தத்தில் கூடத்தின் நீள அகலமே தெரிந்தது. காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் திரும்புவதற்குள், நீலாயதாட்சி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பூத்தட்டை அவள் மடியிலேயே வைத்துவிட்டாள்.

அப்போது வெளிச்சம் வந்தது.

மெல்ல ஏறவில்லை. கூடம், ரேழி, வாசல், மாடிப்படி என்று வீட்டிலுள்ள அத்தனை விளக்கும் முழு வீச்சில் ஒன்றாக எரிந்தன. ஜன்னலுக்கு வெளியே தெரு கறுப்பாகவே கிடந்தது. ஒரு வீட்டிலும் ஒரு பொட்டு ஒளி இல்லை. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து பாஸ்கரனின் குரல் கணீரென்று வந்தது.

“அடேயப்பா! கடைசிப் பந்திக்காரருக்கு முதல் இலை போட்டாச்சா! பொண்ணு கரண்டி பிடிக்கிற இடத்துல இருந்தா இதான் சௌகரியம்!”

காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார் கலியபெருமாள்.

“ஏம்மா,” என்றாள் நீலாயதாட்சி, குரலைத் தாழ்த்தாமல், “மாப்பிள்ளை வீடு வருதேன்னு நீ ஏதும் சொல்லி வச்சியா?”

“நான் தொடலை, அத்தை. எங்க ஊர்ப் பெட்டியை நான் தொடவே கூடாது, தொடவும் முடியாது. போன வாரம் வரைக்கும் அது நாம கேட்ட வரிசைப்படிதான் குடுத்துச்சு. இந்த வாரத்துலேர்ந்து அதுவாவே பாத்து...”

“விளக்கமெல்லாம் அப்புறம்” என்றார் அகத்தியலிங்கம்.

அவர் எழுந்து நின்றார். தம் மகள்மேல் விழுந்த பேச்சு, தலைமுறை தலைமுறையாகக் காத்த பேர், வெளியே இருட்டில் நின்று சிரிக்கும் தெரு, எல்லாம் ஒன்றாக அவர் முதுகை நிமிர்த்தின. வேட்டியைச் சரிசெய்துகொண்டு ரேழிக்கு நேராக நடந்தார். மெயின் சுவிட்சைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இறக்கினார்.

“எங்க முறை இன்னும் வரலை” என்றார், தெருவுக்கும் கேட்கும்படி. “வரும்போது எரியட்டும்.”

“ஐயய்யோ, நல்ல காரியத்துல விளக்கை அணைக்கிறதா!” என்றாள் நீலாயதாட்சி.

அவர் திரும்பினார். திரும்பிய பிறகுதான் தெரிந்தது, தமக்கு முன்னால் எதுவும் இல்லை என்று. தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்கும் அவருக்கும் நடுவில் தட்டுகளும் விருந்தாளிகளும் இருந்தார்கள்.

சத்தத்துக்காகக் காத்திருந்தார். செம்பு விழவில்லை. மணை நகரவில்லை. பூனை விரட்டப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு இருட்டு இப்படி மௌனமாக இருந்ததே இல்லை. மரகதவல்லி எங்கே போனாள் என்று யோசித்தார். அவள் எங்கும் போகவில்லை. சம்பந்தி வீட்டு மூத்தவள் கையைப் பிடித்திருக்க, மடியில் பூத்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெண்ணைப் பெற்றவள் அப்போது உதறிக்கொண்டு எழ முடியாது.

ஓர் அடி வைத்தார். சுவர் தோளில் இடித்தது. இன்னோர் அடி. குத்துவிளக்கு வெளிச்சத்தில் அவர் கை காற்றைத் துழாவுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது அடி பழத்தட்டின் விளிம்புக்கு மேலே தூக்கியபடி நின்றது.

ணங்.

மரகதவல்லி தன் மோதிரத்தால் தட்டைத் தட்டினாள். ணங், ணங், ணங். அதில் வேலை செய்கிற சத்தம் இல்லை. கூப்பிடுகிற அவசரம் இருந்தது. அகத்தியலிங்கம் தூக்கிய காலை மெதுவாகப் பின்னால் வைத்தார். அவள் உட்கார்ந்தபடியே கையை எட்டி அடுத்த தட்டைத் தட்ட, சத்தம் இடப்பக்கம் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். தட்டுகளைச் சுற்றி வந்து, நாற்காலியின் கை தட்டுப்பட்டதும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் உட்காரவில்லை. மகள்மேல் பழி நின்றுகொண்டிருக்கும்போது உட்கார அவருக்குத் தெரியாது.

“கலியபெருமாள்,” என்றார், “என் பொண்ணு எந்தத் தப்பும் செய்யல. எனக்கு மாலைக்கண். நாலஞ்சு வருஷமாச்சு. அந்தப் பெட்டி அதைத் தெரிஞ்சுக்கிட்டிருக்கும். எனக்காகத்தான் வெளிச்சம் குடுத்திருக்கு. மறைச்சது நான். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.”

கடைசி வார்த்தை பொய். அவர் குரலே அதைக் காட்டிக்கொடுத்தது.

“இது பரம்பரையா வருமா அண்ணே?” என்று கேட்டாள் நீலாயதாட்சி. இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

“கேக்க வேண்டிய கேள்விதான் அத்தை” என்றாள் யாழ்மொழி. “எனக்கே இப்பத்தான் தெரியும். நான் டாக்டர்கிட்ட காட்டிட்டு, என்ன சொன்னாங்கன்னு உங்ககிட்டயும் சொல்றேன்.”

“நானும் கூடப் போறேன்” என்றான் முகுந்தன். “கண்ணாடியைக் கழட்டினா எனக்கு எங்கம்மாவுக்கும் தூணுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை யாரும் இங்க கேக்கவே இல்லையே.”

“நான் தூணாடா?” என்றாள் வேதநாயகி.

யாழ்மொழி சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, ஒண்ணு சொல்லணும். அது உங்களுக்காகக் குடுத்திருக்காது.”

“என்ன?”

“அந்தப் பெட்டிக்குப் பேச்சு கேக்காது. ஆளும் தெரியாது. கரண்டு போன பிறகு தரை அதிர்வை வச்சு, கால் எப்படிப் போகுதுன்னு மட்டும் வாங்கிக்கும். தடுமாறினா, இடிச்சுக்கிட்டா தெரியும். நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தடுமாறினதில்லையே. அதுக்கு உங்களைப் பாத்தா நல்லா கண்ணு தெரியிற மனுஷன்தான்.”

“பின்னே யாருக்கு?”

“இருட்டினா எல்லா வீட்டுலயும் கால் சத்தம் அடங்கிடும். சில வீட்டுல மட்டும் ஒருத்தர் ஓயவே மாட்டாங்க. அழற குழந்தையைத் தோள்ல போட்டு நடப்பாங்க, படுக்கையில இருக்கறவங்களுக்கு ஓடி ஓடிப் பாப்பாங்க. அந்த மாதிரி வீட்டைத்தான் முதல் பந்தியில வைக்கச் சொல்லியிருக்கோம். நம்ம வீட்டுல குழந்தை இல்லை, படுக்கையும் இல்லை. ஆனா ஒருத்தங்க நிக்கறதே இல்லை. அம்மா போறாங்க, பின்னாலயே நீங்க போறீங்க. அம்மா நின்னா நீங்க நிக்கறீங்க.” அவள் அம்மாவைப் பார்த்தாள். “அது வெளிச்சம் குடுத்தது நீங்க பாக்கறதுக்கு இல்லப்பா. அம்மா கொஞ்சம் உட்காரட்டும்னு.”

குத்துவிளக்கில் திரி ஒரு முறை பொரிந்தது. அகத்தியலிங்கம் மோதிரச் சத்தம் வந்த திசையை நோக்கி முகத்தைத் திருப்பினார்.

“மரகதம்.”

“சொல்லுங்க.”

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“எதுங்க?” என்றாள் மரகதவல்லி, பழக்க தோஷத்தில். பிறகு பெருமூச்சு விட்டாள். “தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனேன்னு வந்து நின்னீங்களே. நெத்தியில ஒரு பொட்டு விபூதி இல்ல. கண்ணுக்கு மருந்து விட்ட ஈரம் இருந்துச்சு. அன்னிலேர்ந்து.”

“கேக்கலியே நீ.”

“சொல்லக்கூடாதுன்னு நீங்க நெனச்சதை நான் எப்படிக் கேக்கறது?”

“நான் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனே, கால்ல சக்கரமான்னு.”

“திட்டுங்க, நல்லதுதான்” என்றாள் அவள். “எங்க நிக்கறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

அகத்தியலிங்கம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். அவர் கண்ணில் எது நிறைந்ததோ அதை மறைக்க அந்த இருட்டு அவருக்கு உதவவில்லை. மற்ற ஆறு பேருக்கும் நன்றாகவே தெரிந்தது.

கலியபெருமாள்தான் தொண்டையைச் செருமினார். “நான் ஒண்ணு கேக்கறேன். மாசிமகத்துல புள்ளத்தாச்சிப் பொண்ணு, சர்க்கரைக்காரங்க, வயசானவங்க வந்தா யாரு கையைப் பிடிச்சு முதல் பந்தியில உட்கார வைக்கிறது?”

“நான்தான்.”

“அவங்க வேணாம்னு சொன்னா?”

“விட மாட்டேன்.”

“அப்ப இன்னிக்கு ஊர் உங்க வீட்டம்மாவைக் கையைப் பிடிச்சு உட்கார வச்சிருக்கு. இலையை மூடிட்டு எழுந்து போறது முறையா, சம்பந்தி?”

அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. வீட்டுக்குள் வந்ததிலிருந்து அதுவரை அவர் செயலாளர் ஐயா என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.

வளையாத முதுகு வளைய நேரம் எடுக்கும். பிறகு அகத்தியலிங்கம் சொன்னார். “யாழு, போய் மெயினைத் தூக்கிவிடு. மரகதம், நீ எழுந்திரிக்காத. தட்டை நான் எடுத்துக்கறேன்.”

யாழ்மொழி ரேழிக்குப் போனாள்.

மேலவீதியில் பாஸ்கரன் சொல்லி இன்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அகத்தியலிங்கம் வறட்டுக் கௌரவம் பார்த்து மெயினை அணைத்ததாகவும், கடைசிப் பந்தி வரும்வரை பொறுக்க மாட்டாமல் இருட்டிலேயே தட்டு மாற்றிக்கொண்டதாகவும், பெண்ணைப் பெற்றவள் அந்த நேரத்திலும் அடுக்களையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறார்கள். மெயினை அணைத்தது உண்மை. மற்றவை தவறு. தட்டு மாற்றியது முழு வெளிச்சத்தில். மரகதவல்லி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.